மீனைச் சோதிக்கவில்லை

மனதைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் துறையிலிருந்து ஒரு பெண் பழங்காநத்தத்தில் என் வீட்டைத் தேடி வந்திருந்தாள். நான் ஓய்வு பெற்ற அதே கல்லூரியில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். "எச்சரிக்கை பண்ணியும் ஜனங்க ஏன் சார் கேக்குறதில்ல? அதான் என் ஆராய்ச்சி" என்றாள். எழுமலைக்கு அந்தப் பக்கம் ஒரு கண்மாயில் நடந்த காரியத்தை யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அது என் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த ஊர். கூட வந்து வழி காட்ட முடியுமா என்று கேட்டாள். முடியாது என்று சொல்லிவிட்டேன். முகம் வாடி, காப்பியைக் குடித்துவிட்டுப் போனாள். பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. வாயால் சொல்ல வராததை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று, அம்மன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கல்லூரியில் ஆய்வக உதவியாளனாக என்னை முதலில் போட்டது இயற்பியல் துறையில். காந்தப் பொருள்களைப் பற்றி அங்கே ஆராய்ச்சி நடந்தது. இரும்போடு வேறு என்னென்னவோ சேர்த்து அரைத்து, உலையில் வைத்து எடுத்து, சின்னச் சின்ன வில்லையாக்கிப் பெரிய காந்தத்துக்கு நடுவில் வைத்துப் பார்ப்பார்கள். உள்ளே போகிறவர்களின் கைக்கடிகாரம், சாவிக்கொத்து, சேலையில் குத்திய ஊக்கு எல்லாவற்றையும் வாசலிலேயே வாங்கி வைப்பது என் வேலை. பிறகு மொட்டை மாடியில் தொலைநோக்கி வைத்திருந்த சாரிடம் மாற்றினார்கள். நம் பால்வீதியைப் போலக் கணக்கில்லாத நட்சத்திர மண்டலங்கள் உண்டென்று அவர்தான் எனக்குச் சொன்னார். ஒருநாள் காட்டினார். நான் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"என்ன மாரி, சாமியா தெரியுது?" என்று சிரித்தார்.

"அம்புட்டுத் தூரத்துல இருந்து வெளிச்சம் நம்மளத் தேடி வந்திருக்கு சார். சும்மா பாத்துட்டுப் போனா நல்லாவா இருக்கும்?"

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சரிதான் என்றார். நல்ல மனிதர்.

அதற்கப்புறம்தான் ரூத் அம்மாவிடம் போனேன். விலங்கியல் பேராசிரியர். கண்மாய், குளம், ஆறு என்று நன்னீரில் இருக்கிற உயிர்களை ஆராய்பவர். நீச்சல் தெரிந்த, சகதியில் இறங்கக் கூச்சப்படாத ஆள் வேண்டும் என்று கேட்டு என்னை வாங்கிக்கொண்டார். ஓய்வு பெறும் வரை அவரோடுதான் இருந்தேன்.

ரூத் அம்மா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் மகள். காலையில் ஆய்வகக் கதவைத் திறக்கும் முன் கண்ணை மூடி ஒரு நிமிஷம் நிற்பார். நானும் என் பங்குக்கு நிலைப்படியைத் தொட்டுக் கும்பிடுவேன். இரண்டு பேரும் கும்பிட்டு முடித்த பிறகுதான் சாவி போடுவது. ஆயுத பூஜைக்கு நான் கருவிகளுக்குச் சந்தனம் வைக்கும்போது அம்மா பக்கத்தில் நின்று பார்ப்பார். "பூ வைங்க, பொட்டு வைங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. லென்ஸ் மேல மட்டும் வேணாம் மாரி" என்பார்.

வேலையில் மட்டும் அம்மாவைப் போல ஒரு கறாரை நான் பார்த்ததில்லை. தண்ணீர் எடுக்கிற புட்டியை எந்தக் கண்மாயில் எடுக்கிறோமோ அந்தத் தண்ணீரிலேயே அலச வேண்டும். அலசிய தண்ணீரை எடுக்கும் இடத்தில் ஊற்றக் கூடாது, தள்ளிப் போய் ஊற்ற வேண்டும். கால் வைத்துக் கலக்கிய இடத்தில் எடுக்கக் கூடாது. காற்று வரும் திசையைப் பார்த்து நின்று, முழங்கை முங்கும் ஆழத்தில் புட்டியைக் கவிழ்த்தபடி இறக்கி, உள்ளே போன பிறகு நிமிர்த்த வேண்டும். மூடியைத் தண்ணீருக்குள்ளேயே மூட வேண்டும். பேர்ச் சீட்டைப் பென்சிலால் எழுதிக் கரையிலேயே ஒட்டிவிட வேண்டும், பேனா மை ஐஸ் பெட்டியில் கரைந்துவிடும். இதில் ஒன்று தப்பினாலும் அம்மா கோபப்பட மாட்டார். புட்டியைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, "இன்னொரு தடவை எறங்குங்க" என்பார். மார்கழி மாசமானாலும் அதுதான்.

ஒருமுறை கரையில் இருந்து பார்த்துவிட்டு, "போன மாசம் மாதிரியேதான் இருக்கும்மா" என்றேன்.

"போன மாசத் தண்ணி இங்க இருக்கா, வச்சுப் பாக்க? இன்னைக்கு என்ன கண்ணுக்குத் தெரியுது, அதை மட்டும் சொல்லுங்க."

பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து, வைகைத் தண்ணீரைக் குடிக்கலாமா கூடாதா என்று ஒரு வார்த்தையில் கேட்டார். தான் எடுத்த இடத்தில், எடுத்த அன்றைக்கு இப்படி இருந்தது என்று மட்டும் சொன்னார் அம்மா. அவர் எப்படிச் சுற்றி வளைத்துக் கேட்டும் அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியவில்லை. "நாம சோதிக்காததைச் சொன்னா, நாளைக்குச் சோதிச்சதைச் சொல்றப்பவும் நம்ப மாட்டாங்க மாரி" என்று பிறகு என்னிடம் சொன்னார். எனக்கு அது வேத வாக்காகப் பட்டது.

மாதா மாதம் நாங்கள் போய்வந்த கண்மாய்களில் என் தங்கச்சி பாண்டியம்மாள் ஊர்க் கண்மாயும் ஒன்று. போகும்போதெல்லாம் அவள் புருஷன் செல்லையா கரைக்கு வந்துவிடுவார். கூலி வேலை, கொஞ்சம் குத்தகை நிலம். குடிப்பழக்கம் உண்டு. ஆனால் குணம் தங்கம். நான் புட்டியோடு தண்ணீரில் நிற்பதைப் பார்த்து, "என்ன மச்சான், மருதையில கொழாத் தண்ணி வரலையா? இங்க வந்து புட்டியில மோந்துக்கிட்டுப் போறீக?" என்று கேலி பண்ணுவார். அம்மாவே சிரித்துவிடுவார்.

அந்தக் கோடையில் கண்மாய் வற்றி நடுவில் மட்டும் தண்ணீர் கிடந்தது. மேலே தோட்டங்களில் மருந்தடிக்கிறவர்கள் தெளிப்பானையும் மருந்து டப்பாவையும் கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்து வாய்க்காலில் கழுவிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் குடித்த ஆடுகள் சில வாயில் நுரை தள்ளி விழுந்தன என்று பாண்டியம்மாள் போனில் சொன்னாள். நாங்கள் எடுத்து வந்த தண்ணீரில் பூச்சிமருந்து இருந்தது. அம்மா ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகப் பார்த்துவிட்டு அன்றைக்கே ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

ஊர்ச் சாவடியில் ஆட்களைக் கூட்டினோம். ஊருக்குப் பெரியவர் கருத்தப்பாண்டி ஐயா நடுவில் உட்கார்ந்திருந்தார். அம்மா நின்றுகொண்டே பேசினார்.

"கம்மாத் தண்ணியில பூச்சிமருந்து கலந்திருக்கு. குடிக்காதீங்க. ஆடு மாட்டை எறக்காதீங்க. பிள்ளைகளைக் குளிக்க விடாதீங்க."

"சரிம்மா. மீனு?" என்றார் பெரியவர்.

"மீனை இன்னும் சோதிக்கல. அதுக்கு வேற கருவி வேணும், வெளியூருக்கு அனுப்பணும். முடிவு வர்ற வரைக்கும் பொறுத்துக்கங்க. வந்ததும் நானே வந்து சொல்றேன்."

"எம்புட்டு நாளாகும்?"

"இத்தனை நாள்னு என்னால சொல்ல முடியாதுங்க ஐயா."

எல்லாரும் தலையாட்டினார்கள். ஊரே கேட்டுக்கொண்டது என்று நம்பித்தான் திரும்பினோம். கேட்டுக்கொண்டார்கள்தான். கேட்டு அவர்கள் என்ன செய்தார்கள் என்பது வெளியூர்க்காரர்களுக்குப் புரிய வேண்டுமானால் அந்த ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

கோடையில் தண்ணீர் வற்றியதும் ஊர் கூடி ஒரு நாள் குறிக்கும். கண்மாய் அழிக்கிறது என்று சொல்வோம். அதுவரை யாரும் மீன் பிடிக்கக் கூடாது. அன்று காலையில் கரையில் இருக்கும் அய்யனாருக்குப் பூசை போட்டு, பெரியவர் வெள்ளைத் துண்டை வீசுவார். துண்டு ஆடியதும் ஊரே உள்ளே இறங்கும். பிடித்த மீனை விற்கக் கூடாது. வீட்டில் குழம்பு வைத்துச் சாமிக்குப் படைத்துவிட்டுச் சாப்பிட வேண்டும். கையில் அகப்படாதவர்களுக்கு அகப்பட்டவர்கள் கொடுத்தாக வேண்டும். அந்த ஊரில் இருக்கும் எங்கள் ஜனங்களுக்கு அதில் இன்னொன்றும் உண்டு. என் அப்பா காலம் வரை அடுத்தவர் வயலில் நின்ற கூட்டம் நாங்கள். ஊர்க் காரியத்தில் எங்களுக்கு ஓரத்தில்தான் இடம். கண்மாய்க்குள் இறங்கிவிட்டால் ஓரம் என்று ஒன்று கிடையாது. எல்லார் மேலேயும் ஒரே சகதி. வருஷத்தில் அந்த ஒரு நாளை யார் விடுவார்கள்?

சாமிக்குப் படைக்கும் முன் மீன் கண்மாயிலேயே செத்து மிதந்தால் ஊருக்கு ஆகாது, அடுத்த வருஷம் மழை வராது என்று ஒரு பயமும் உண்டு. நாங்கள் போய்த் தண்ணீர் கெட்டுவிட்டது என்று சொன்னோம் அல்லவா? தண்ணீர் கெட்டால் மீன் சாகும். சாகிறதுக்குள் சாமிக்குச் செலுத்திவிட வேண்டும். எங்கள் ஜீப் ஊர் எல்லையைத் தாண்டியதும் சாவடியில் மறுபடி கூடி, பங்குனிப் பொங்கலுக்குப் பிறகு வைத்திருந்த நாளை அந்த வெள்ளிக்கிழமைக்கே இழுத்துவிட்டார்கள். நாங்கள் வாய் திறக்காமல் மீனை மட்டும் சோதனைக்கு எடுத்துப் போயிருந்தால், பழைய நாள் வருவதற்குள் முடிவு வந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை பாண்டியம்மாள் போன் பண்ணினாள். குரலில் சந்தோஷம். "அண்ணே, கம்மா அழிக்கிறாக. லீவு போட்டுட்டு வாரியா? அவுக ஊத்தாவோட முன்னாடியே போயி நிக்கிறாக." ஊத்தா என்பது மீனை மேலிருந்து கவிழ்த்துப் பிடிக்கிற மூங்கில் கூடை.

அம்மாவிடம் ஓடினேன். திருமங்கலம், உசிலம்பட்டி வழியாக ஜீப் பறந்தது. அம்மா உதடு அசைந்துகொண்டே வந்தது. நான் அய்யனாரைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன், துண்டு வீசுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடு சாமி என்று.

போய்ச் சேர்ந்தபோது கண்மாய் முழுக்கத் தலைகள். கெண்டையும் விராலும் குரவையும் கூடைகளில் துள்ளிக்கொண்டிருந்தன. சில மீன்கள் துள்ளாமல் ஒருச்சாய்ந்து மிதந்தன, கையாலேயே அள்ளினார்கள். ரூத் அம்மா கரையிலிருந்து இறங்கி, சேலையோடு சகதிக்குள் நடந்தார். சத்தம் போட்டு அவர் பேசி நான் கேட்டதே இல்லை. அன்றைக்குக் கத்தினார்.

"மேல வாங்க. எல்லாரும் மேல வாங்க. இந்த மீனைச் சாப்பிடாதீங்க."

செல்லையா இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, "டீச்சரம்மாவுக்கும் ஒரு ஊத்தாக் குடுங்கப்பா. வெறுங்கையோட எறங்கிட்டாக" என்றார். சுற்றிலும் சிரித்தார்கள். பெரியவர் மட்டும் சிரிக்காமல் கரையோரம் வந்தார்.

"மீனைச் சோதிச்சிட்டீங்களாம்மா?"

"இல்லைங்க ஐயா. இன்னும் இல்ல."

"அப்ப மீனுல மருந்து இருக்குன்னு உங்களால சொல்ல முடியுமா, முடியாதா? ஒரே சொல்லு. இருக்குன்னு சொன்னா இப்பவே எல்லாரையும் ஏத்திருறேன். என் பேச்ச மீற மாட்டாங்க."

அவர் அப்படிச் சொன்னதும் எல்லாரும் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். சேலை முந்தானையில் சேறு வழிந்தது.

"சோதிக்காம என்னால சொல்ல முடியாது" என்றார் அம்மா. "இருக்கலாம். அதனால வேணாம்னு சொல்றேன்."

"இருக்கலாம்னா இல்லாமலும் இருக்கலாம்ல?" என்று எவனோ ஒருத்தன் குரல் கொடுத்தான்.

பெரியவர், "சாமிக்குச் செலுத்திட்டுத்தானம்மா திங்கிறோம். அவன் பாத்துக்குவான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். கண்மாயில் மறுபடி சத்தம் எழுந்தது.

நான் செல்லையாவிடம் போனேன். "மாப்ள, வேணாம். என் தங்கச்சிக்காகச் சொல்றேன். கொட்டிருங்க."

"நீங்க சொல்லுங்க மச்சான். அய்யனாருக்குப் படைச்சது நம்மள என்ன செஞ்சிரும்?"

நானும் அய்யனாரைக் கும்பிட்டு வளர்ந்தவன். ஒன்றும் செய்யாது என்று என் நெஞ்சுக்குள்ளேயும் ஒரு குரல் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. "தலையும் குடலுமாவது வேணாம் மாப்ள" என்றேன். "அப்பறம் மீனுல என்னத்த இருக்கு?" என்று சிரித்தார். சோதனைக்கு வேண்டும் என்று அம்மா கேட்டதும், தன் கூடையிலிருந்தே நல்ல மீனாகப் பொறுக்கி ஐஸ் பெட்டியில் போட்டுக் கொடுத்தார். "பெருசா எடுத்துக்கங்கம்மா. சின்னது சோதனைக்குக் காணாது."

மறுநாள் விடிந்ததும் ஊரில் பாதி வீட்டில் வாந்தி. சிலருக்குக் கண் மங்கி, வாயில் எச்சில் வழிந்து, கை கால் நடுங்கியது. ஆட்டோவிலும் மினி லாரியிலும் உசிலம்பட்டிக்குக் கொண்டுபோனார்கள். முடியாதவர்களை மதுரைக்கு அனுப்பினார்கள். பாண்டியம்மாளுக்கு ஒரு ராத்திரியோடு தெளிந்துவிட்டது. அவள் ஆக்கிப்போட்டுவிட்டுக் கடைசியில் குழம்பு மட்டும் ஊற்றிச் சாப்பிட்டவள். மற்ற எல்லாரும் ஒவ்வொருவராகத் தேறி வீட்டுக்குப் போனார்கள். செல்லையா தேறவில்லை. தலைமாட்டில் நான் நின்றேன். என்னைத் தெரிந்துகொண்டு ஏதோ சொல்ல வந்தார். நாக்கு எழவில்லை. எல்லாச் சாமிக்கும் நேர்ந்துகொண்டேன். ரூத் அம்மா வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்று ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். எதுவும் பலிக்கவில்லை. செல்லையா போய்விட்டார்.

ஈரல் ஏற்கெனவே கெட்டிருந்தது, அதனால் தாங்கவில்லை, இதனால்தான் என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னார். அந்தப் பேச்சு எங்களுக்கு முன்னால் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஊருக்கும் அது தேவையாக இருந்தது. மீன் கொன்றது என்றால் சாமிக்குப் படைத்தது கொன்றது என்று ஆகும், நாளை முன்னால் இழுத்த பெரியவர் மேல் வந்து நிற்கும். எல்லாரும் தின்றார்கள், எல்லாரும் பிழைத்தார்கள், இவன் குடிகாரன், குடித்துச் செத்தான் என்று முடித்துவிட்டார்கள். துக்கம் கேட்க வந்தவர்களே பாண்டியம்மாள் காதில் விழும்படி அதைச் சொன்னார்கள். அவள் மாமியார், நீ கண்டித்து வைத்திருந்தால் என் பிள்ளை இருந்திருப்பான் என்று அவளையே ஏசினாள். அவள் அழவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அண்ணே, உங்க டீச்சரம்மா மீனக் கொண்டுபோனாகள்ல. என்னதான் இருந்துச்சுன்னு கேட்டுச் சொல்லு. எனக்கு அது தெரியணும்."

முடிவு வருவதற்குள் செல்லையாவின் காரியம் எல்லாம் முடிந்துவிட்டது. மீனில் மருந்து இருந்தது. சதையில் கொஞ்சம், குடலிலும் ஈரலிலும் நிறைய. அம்மா அந்தத் தாளைப் படித்துவிட்டு மடித்து மேசையில் வைத்தார். நெடுநேரம் கையை அதன் மேலேயே வைத்திருந்தார். "தங்கச்சி வீட்டுக்குப் போகலாம் மாரி" என்றார்.

பாண்டியம்மாள் வீட்டில் அம்மா நாற்காலி வேண்டாம் என்று தரையில் உட்கார்ந்தார். நான் கதவு நிலையில் சாய்ந்து நின்றேன். மாமியார் உள்ளே கட்டிலில் படுத்திருந்தாள், தூங்கவில்லை என்பது தெரிந்தது.

"மீனுல மருந்து இருந்துச்சும்மா" என்றார் அம்மா.

பாண்டியம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள். "அதுனாலதான் அவுக போனாகளா?"

எனக்கு அம்மாவின் பதில் தெரியும். அவரோடு இத்தனை வருஷம் இருந்தவன். மீனில் இருந்தது என்பது வரைதான் சோதித்தோம். ஈரல் முன்னமே கெட்டிருந்தது. எது கொன்றது என்று பார்க்க எந்தக் கருவியும் எங்களிடம் இல்லை. பெரிய டாக்டரே சொல்லாததை அம்மா சொல்ல மாட்டார். சொல்ல முடியாது என்பார், இவள் தலை குனிந்துகொள்வாள், நாங்கள் எழுந்து போவோம் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

"ஆமா" என்றார் ரூத் அம்மா. "மீனுனாலதான் போனாரு. குடியினால இல்ல."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. மாமியார் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

பாண்டியம்மாள் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள். செல்லையா இறந்த பிறகு அவள் கண்ணில் தண்ணீர் வந்ததை அப்போதுதான் பார்த்தேன். அழுது முடித்த பிறகு, கோபம் இல்லாமல், பக்கத்து வீட்டு ஆளிடம் கேட்பதைப் போலக் கேட்டாள்.

"இதத்தானம்மா அன்னைக்குக் கம்மாயில நின்டு பெரியவரு கேட்டாரு. அன்னைக்கே ஆமான்னு சொல்லியிருக்கலாம்ல?"

சேறு காய்ந்த காலோடு ஒரு பிள்ளை வாசலில் வந்து நின்று எங்களைப் பார்த்துவிட்டு ஓடியது. பாண்டியம்மாள் எழுந்து, அடுப்பைப் பற்றவைத்து உலை வைத்தாள். "இருந்து சாப்பிட்டுப் போங்க. வெறும் வயித்தோட போகக் கூடாது" என்றாள்.

வெறும் ரசமும் சோறும்தான். ரூத் அம்மா தட்டை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தபடியே சாப்பிட்டார். பாண்டியம்மாள் இன்னும் கொஞ்சம் போட வந்தபோது அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. போட்டது எல்லாவற்றையும் சாப்பிட்டார்.